ஆள் பலம்: இரண்டு

என் கணவர் பதினேழு வருஷம் பட்டாளத்தில் சமைத்தவர். லங்கர் என்று அவர் சொல்லும் அந்தச் சமையலறையில் நூறு பேருக்குக் குறைவாக அடுப்பு மூட்டியதே இல்லையாம். ஓய்வு பெற்றுக் கொச்சி மட்டாஞ்சேரிக்கு வந்த மூன்றாவது வாரம், "இனி எவனுக்கும் சல்யூட் அடிக்கிறதா இல்ல. சொந்தத் தொழில்தான்" என்றார். எனக்கும் சந்தோஷம்தான். தொழில் என்றால் வெளியே எங்கோ ஒரு கடை என்று நினைத்துவிட்டேன். அவர் காட்டியது எங்கள் வீட்டு முன்னறையை. இட்லி மாவு அரைத்து, பாக்கெட் போட்டு, கடைகளுக்குக் கொடுப்பதாம்.

அப்போது நான் இடப்பள்ளியில் ஒரு பெரிய துணிக்கடையில் ஆல்ட்ரேஷன் பிரிவில் தைத்துக்கொண்டிருந்தேன். அவர் எங்கோ பனியில் நின்ற காலத்தில் நானாகத் தேடிக்கொண்ட வேலை. உண்மையைச் சொன்னால் வேலையைவிட அந்த பஸ்தான் எனக்குப் பிடிக்கும். தோப்பும்படிப் பாலம் ஏறும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து காயலைப் பார்ப்பேன். வீடு சேரும்வரை யாரும் என்னை எதற்கும் கூப்பிட முடியாது.

உதவிக்கு ஆள் இல்லாமல் இல்லை. முன்னாள் படைவீரர்களுக்கென்று நடத்திய தொழில் பயிற்சிக்குப் போய் ஒரு தடித்த ஃபைலோடு வந்தார். அங்கே பழக்கமான ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் வீட்டுக்கே வந்து, சாயா குடித்தபடி கடன் மனுவை நிரப்பித் தந்தார். மனைவி பெயரில் போட்டால் மானியம் கூடுதல், கடனும் சீக்கிரம் வரும் என்றார். நல்ல மனுஷர், சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஒரே ஒரு இடம்தான் இடித்தது. மனு போடுகிறவர் வேறெங்கும் சம்பளத்துக்கு இருக்கக் கூடாது.

"ஆறு மாசம்தான்" என்றார் என் கணவர். "யூனிட் ஓட ஆரம்பிச்சதும் நான் பாத்துக்கறேன். நீ திரும்ப வேலைக்குப் போ."

துணிக்கடை மேலாளரிடம் போய்ச் சொன்னேன். ஓணத்துக்கு முன்னால் வந்துவிட்டால் அதே மெஷின் உனக்கு என்றார். அந்த ஓணத்தை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன். கீழே பொடி எழுத்தில் என்ன இருந்தது என்று பார்க்கவில்லை. மலையாளம் எனக்குப் பேச வரும், அத்தனை வேகமாகப் படிக்க வராது.

முதல் நாள் மாவு அரைத்த கதையைச் சொன்னால் எங்கள் சந்து இன்றைக்கும் சிரிக்கும். சந்தில் எத்தனை வீடு, வீட்டுக்கு எத்தனை தலை என்று எண்ணி, ஆளுக்கு இத்தனை கிராம் என்று பெருக்கி, அவ்வளவையும் அரைத்துவிட்டார். பட்டாளத்தில் அப்படித்தான், எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை பேரும் தட்டோடு வந்து நிற்பார்கள். இங்கே காலையில் புட்டும் தின்பார்கள், அப்பமும் தின்பார்கள், வெறும் சாயாவோடு கிளம்பியும் போவார்கள் என்று அவருக்கு யாரும் உத்தரவு அனுப்பவில்லை. போனது ஆறே பாக்கெட். மீதி மாவு கொச்சிப் புழுக்கத்தில் பொங்கி, டிரம் மூடியைத் தள்ளிக்கொண்டு, மத்தியானத்துக்குள் வாசற்படி இறங்கியது. அடுத்த வீட்டுச் சேச்சி எட்டிப் பார்த்து, "எந்தா இது, பட்டாளம் முழுவன் உண்ணான் வருந்நுண்டோ?" என்றாள். பட்டாளமே சாப்பிட வருகிறதா என்று அவள் கேட்டதும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் சிரிக்காமல் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிப் படியைக் கழுவினார்.

கடைகளிலும் இதே பாடுதான். "பின்னே நோக்காம் சேட்டா" என்பார் கடைக்காரர், தலை நிமிராமல். அப்புறம் பார்க்கலாம் என்று, போய்ட்டு வா என்பதை மரியாதையாகச் சொல்வது அது. இவரோ அதை வாக்காக எடுத்துக்கொண்டு நாலு மணிக்கு மறுபடி போய் விறைப்பாக நிற்பார். மறுநாளும் நிற்பார். நாலாம் நாள் ஒரு கடைக்காரர் எல்லார் முன்னாலும் கத்திவிட்டார். இவர் வீட்டுக்கு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பனியில் காவல் நின்றவர்களுக்குச் சோறாக்கிப் போட்ட மனுஷரை ஒரு பாக்கெட் மாவுக்காக இப்படி நிற்கவைத்தார்களே என்று எனக்கு ஆறவில்லை. மறுநாள் கூடையை நான் தூக்கினேன்.

நான் போனால் விற்றது. அதுதான் வினையாகிப்போனது. வீட்டுக் கதை, மருமகள் கதை எல்லாம் கேட்டுச் சேச்சிமாரிடம் பத்து பாக்கெட், இருபது பாக்கெட் என்று தள்ளிவிடுவேன். மூடவும் முடியாது, அதை நம்பிச் சாப்பிடவும் முடியாது. வியாபாரம் அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டது. விடியற்காலையில் தொடங்கினால் கிரைண்டர் இரைச்சல், ஈரத் தரை, புளிப்பு வாடை. தலைமுடியிலிருந்துகூட அந்த வாடை போகவில்லை. ஜன்னலைத் திறந்தால் எதிர் வீட்டுச் சுவர்.

இதில் சாயங்காலம் ஆறு மணிக்கு ரிப்போர்ட் வேறு. ஒரு நோட்டில் ஆள் பலம்: இரண்டு, உடம்பு சரியில்லாதவர்: இல்லை, லீவு: இல்லை என்று நான் எழுதவேண்டும், அவர் பார்த்துக் கையெழுத்துப் போடுவார். ஒன்றும் நடக்காத நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று எழுதவேண்டும். "இருக்கறதே நாம ரெண்டு பேரு, இதை யாருக்கு அனுப்பறீங்க?" என்று கேட்டால், "பழக்கம்" என்பார்.

ஓணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது துணிக்கடையிலிருந்து போன் வந்தது. வருகிறாயா, வேறு ஆள் போடட்டுமா என்றார் மேலாளர். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டு, "ஆறு மாசம் ஆச்சுங்க. நான் போகட்டுமா?" என்று கேட்டேன்.

அவர் பாக்கெட் ஒட்டுவதை நிறுத்தினார். "சுபேதார் சார் எனக்கு ஒரு வேலை சொல்லியிருக்கார். இடப்பள்ளி மால்ல செக்யூரிட்டி. ஒண்ணாம் தேதி சேரணும். ரெண்டு பேரும் இதையே கட்டிக்கிட்டு அழுதா வீடு நடக்காது."

"அப்ப இதை மூடிடலாம். நானும் போறேன்."

அவர் ஃபைலை எடுத்து, அந்தப் பொடி எழுத்தை விரல் வைத்து வாசித்தார். மூன்று வருஷம் யூனிட் ஓடவேண்டும். மனு போட்டவரே நேரில் நடத்தவேண்டும். இல்லாவிட்டால் மானியத்தைத் திருப்பிக் கட்டவேண்டும். "உன் பேர்லதானே இருக்கு" என்றார், மெதுவாக.

"எவனுக்கும் சல்யூட் அடிக்கிறதா இல்லன்னு சொன்னீங்களே!"

"எனக்கு அது ஒண்ணுதான் வருது" என்றார். அப்படி உடைந்த குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. மறுநாள் மேலாளருக்குப் போன் செய்து வேறு ஆள் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஒண்ணாம் தேதி நீலச் சட்டையும் தொப்பியுமாகக் கிளம்பினார். என் பஸ்ஸில்தான் போகவேண்டும். வாசலில் நின்று, "ஆறு மாசம்தான்" என்றார். நான் கிரைண்டர் சுவிட்சைப் போட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு யாரும் சொல்லாமலே நோட்டை எடுத்தேன். ஆள் பலம்: ஒன்று. லீவு: இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் இன்னும் பஸ்ஸில் இருந்தார். அந்த இடத்தில் நானே போட்டுக்கொண்டேன்.