அமலி மிஸ் கேட்ட வாக்கியம்

அடுத்தவர் வீட்டுக் கதை கேட்பதென்றால் அமலி மிஸ்ஸுக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறையின் மாடியில் அவர் நடத்தும் இங்கிலீஷ் வகுப்பே அதற்கு ஒரு சாக்குதான் என்று கணவர் பிராங்க் கிண்டல் செய்வார். ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொல்லியே பாதித் தெருவின் கதையைத் தெரிந்துகொண்டவர் அவர்.

அன்று நடத்தியது 'ஃப்ரெட் ஓவர்'.

"ஒரே விசயத்தத் திரும்பத் திரும்ப நெனச்சு மருகறது. அதனால ஒண்ணும் ஆகப்போறதில்ல, ஆனாலும் உட முடியாது. 'ஓவர்'க்கு அப்புறம், எத நெனச்சுன்னு சொல்லோணும்," என்றார்.

கீதாவின் முறை வந்தது. அன்னூர்க்காரி, நர்ஸ். அயர்லாந்து வேலைக்கான இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் இரண்டு முறை தோற்றவள். வகுப்பில் தடங்கலின்றிப் பேசுகிறவள் அங்கே போய் ஏன் கோட்டை விடுகிறாள் என்பது அமலியை வெகுநாளாகக் குடைந்துகொண்டிருந்தது.

"மை மதர் இன் லா ஃப்ரெட்ஸ் ஓவர் த கோட்."

"ஆட்ட நெனச்சு எதுக்கு மருகறாங்க?"

"எனக்காக நேந்துவிட்ட கெடாங்க மிஸ். பாஸ் பண்ணுனா வெட்டி விருந்து போடோணும். நான் ஃபெயிலாக ஆக, அதுக்கு வயசாகுது. கறி முத்திப்போகும்னு அத்தைக்குக் கவலைங்க."

வகுப்பே சிரித்தது. அமலி விடவில்லை.

"அத்தை இருக்கட்டும் அம்மணி. நீ எத நெனச்சு மருகறே? 'ஐ'ன்னு ஆரம்பி."

கீதா மேசையைப் பார்த்தபடியே சொன்னாள்.

"ஐ ஃப்ரெட் ஓவர் பாஸிங்."

"ஃபெயிலிங்கா?"

"இல்லீங்க மிஸ். பாஸிங்தான். பாப்பாவுக்கு ரெண்டு வயசுதானுங்க. ஆரம்பத்துல அங்க கூட்டிட்டுப் போக முடியாதுன்னு வேல குடுக்கறவங்க சொல்லிட்டாங்க. டெஸ்ட்டுக்குப் போய் ஒக்காந்தா அது மொகந்தான் தெரியுது. பேச்சே வர மாட்டேங்குது."

இத்தனை நாள் தேடிய விடை கிடைத்தும் அமலிக்குச் சந்தோஷமாக இல்லை. வகுப்பு கலைந்ததும் அவளைத் தனியே நிறுத்தினார்.

"ஊட்டுல சொன்னியா?"

"எல்லாரும் அவ்வளவு ஆசையா இருக்காங்க. எப்பிடிங்க சொல்றது?"

"ஞாயித்துக்கெழமை சர்ச்சுல பூசை முடிஞ்சதும் அன்னூருக்கு வாரேன். நான் பேசறேன்."

கீதா பதறிப்போனாள். ஆனாலும் முகத்தில் உபசாரச் சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்க மிஸ். மத்தியானம் சாப்புட்டுட்டுத்தான் போகோணும். பாப்பா விசயத்த மட்டும் சொல்லிப்போடாதீங்க."