தோமெகிச்சிக்கு வேறு பேர் வேண்டாம்

கோயிலுக்கு ஏறும் சரிவில் பாதி வழியில் இருந்தது ஹிசானோவின் சலூன். கணவாய் மீன் பிடிக்கும் படகுகள் வந்து நிற்கும் அந்தச் சின்னத் துறைமுகத்தில் அவள் கத்தி படாத கன்னங்கள் குறைவு. ஒன்பதில் முடியும் தேதிகளில் காலையில் முதல் ஆளாக வந்து உட்காருகிறவர் கோயில் பிட்சு ரியோஷின். இருபத்தாறு வருஷமாக அந்தத் தலையை மழித்தவள் அவள்தான். மேடு எங்கே, மச்சம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள்.

ஹிசானோவும் கணவர் தோமெகிச்சியும் அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள். பக்தர்கள் சங்கத்திலும் இருந்தார்கள். கோயிலுக்குக் கூரை மாற்றியது சங்கம். குளிர்காலத்தில் படிக்கட்டுப் பனியை அள்ளிக் கொட்டியதும் சங்கம்தான். பிறகு மேலிடத்தில் பிட்சுகளுக்கும் சங்கத்துக்கும் முட்டிக்கொண்டது. யார் பெரியவர் என்பதைத் தவிர அதில் வேறு ஒன்றும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தலைமைக் கோயிலிலிருந்து கடிதம் வந்தது. சங்கத்தில் இருப்பவர் இனி நம் பக்தர் இல்லை. செத்தால் பிட்சு வந்து ஓத மாட்டார். இறந்தவருக்குக் கோயில் வைக்கும் புதுப் பெயர் கிடையாது. கோயில் இடுகாட்டில் அஸ்தி வைக்கவும் கூடாது.

நேரம் பார்த்துத்தான் தோமெகிச்சி செத்தார். படகு இன்ஜின் மெக்கானிக். ஏப்ரல் மாதம் ஒரு காலை, ஸ்பேனரைப் பிடித்த கையோடு பட்டறையில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று. கோயில் இடுகாட்டில் அம்மாவின் கல்லுக்கடியில், அம்மா பக்கத்தில் தன் எலும்பும் இருக்க வேண்டும். ரெண்டு கிண்ணம் சாக்கே, அந்த அரிசி மது, உள்ளே போனால் அதையேதான் சொல்லிக்கொண்டிருப்பார்.

அன்று சாயங்காலமே ரியோஷின் வந்தார். கையில் ஒரு காகிதம்.

"ஒரே ஒரு கையெழுத்துதாம்மா. சங்கத்தை விட்டு விலகுறேன்னு. நானே வந்து ஓதுறேன். பேரும் நல்ல பேரா, நீளமா வைக்கிறேன்."

"இருக்குற பேருக்கு என்னங்க சாமி குறை?"

"புதுப் பேர் இல்லாம புத்த நிலையை அடைய முடியாதும்மா. வழி தெரியாம அலைவாரு."

"உசுரோட இருந்தப்பவே தோமெகிச்சின்னு நாலு தரம் கத்தினாத்தான் ஒரு தரம் திரும்புவாரு. நீங்க வேற பேர்ல கூப்பிட்டா, யாரையோ கூப்பிடுறாங்கன்னு அவர் பாட்டுக்குப் போயிட்டே இருப்பாரு. அப்பத்தான் நெசமாவே அலைவாரு."

"இது விளையாட்டு இல்லம்மா" என்று சொல்லிவிட்டு, காகிதத்தைச் செத்தவர் தலைமாட்டிலேயே வைத்துவிட்டுப் போனார் மனுஷன். இன்னும் சூடு முழுசாக ஆறாத தலை அது.

ஹிசானோ கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அவளுக்குப் பயம் விடவில்லை. பிட்சு இல்லாமல் போகிறவன் கரை சேர மாட்டான் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்தவள். என் பிடிவாதத்துக்கு அந்த மனுஷனைப் பலி கொடுக்கிறேனா என்று நினைத்து அழுதாள்.

அழுகையை நிறுத்தியது பக்கத்துக் கடை மாட்சுயே. டோஃபு விற்கிறவள், சங்கத்துக்காரி.

"நான் ஓதுறேன்க்கா. நாப்பது வருஷமா தினம் ரெண்டு வேளை இதே சூத்திரத்தைத்தானே ஓதுறோம்? ஆள் செத்த அன்னிக்கு மட்டும் நமக்கு மறந்துபோயிடுமா?"

சலூனிலேயே சாவுச் சடங்கு நடந்தது. தரையோடு முடுக்கிய நாற்காலிகளை நகர்த்த முடியாததால், சவப்பெட்டி ரெண்டு நாற்காலிகளுக்கு நடுவில் இருந்தது. சோயா வாடை போகாத கறுப்பு உடுப்பில் மாட்சுயே ஓத ஆரம்பித்தாள். முப்பது தொண்டைகள் சேர்ந்துகொண்டன. படகுக்காரர்களின் குரல் ஆளுக்கொரு பக்கம் போனது. கண்ணாடியில் கூட்டம் இரட்டிப்பாகத் தெரிந்தது. இவ்வளவு பேர் உனக்காக வந்திருக்கிறார்கள், பார்த்தாயா என்று பெட்டியைப் பார்த்து மனசுக்குள் சொன்னாள் ஹிசானோ. பயம் அப்போதுதான் விட்டது.

தகனம் முடிந்து எடுத்துவைத்த எலும்புகளை நாற்பத்தொன்பதாம் நாள் கல்லுக்கடியில் வைக்க வேண்டும். வெள்ளைத் துணி சுற்றிய கலயத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் சரிவில் ஏறினாள், பின்னால் சங்கம் மொத்தமும். இடுகாட்டு வாசலில் ரியோஷின் இரண்டு கையையும் விரித்து வழிமறித்து நின்றார்.

"பிட்சு இல்லாம இந்த வாசலைத் தாண்ட முடியாது."

ஹிசானோவின் கண் பழக்கதோஷத்தில் அவர் தலைக்குத்தான் போனது. ஏழு வாரமாக அவர் சலூன் பக்கம் வரவில்லை. தானே மழித்துப் பார்த்திருக்கிறார் போல. மூன்று இடத்தில் பிளாஸ்திரி. மச்சத்தின் மேலும் ஒரு கீறல். காதுக்குப் பின்னால் ஒரு கொத்து முடி அப்படியே நின்றது.

"பிட்சு இல்லாமலா?" என்றாள். "உங்களைப் பிட்சுவா ஆக்கி மேல அனுப்புறதே என் கத்திதானே சாமி? ஏழு வாரம் நான் தொடலை, பாருங்க கோலத்தை."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ரியோஷினின் காது சிவந்தது.

"சட்டம் நான் போட்டது இல்லம்மா..."

"என் நாற்காலில உக்கார உங்ககிட்ட ஒரு நாளாவது கையெழுத்து கேட்டிருக்கேனா? சங்கமா, கோயிலான்னு கேட்டிருக்கேனா? தலையோட வந்தீங்க, மழிச்சேன். இவர் எலும்பா வந்திருக்காரு. அவங்கம்மாகிட்டப் போகணும். தள்ளணும்னா இவரைத் தள்ளுங்க."

கலயத்தை நீட்டிக்கொண்டே நடந்தாள். செத்தவரின் எலும்பின் மேல் கை வைக்க எந்தப் பிட்சுவுக்குத் துணிச்சல் வரும்? விரித்த கைகள் இறங்கின.

படகுக்காரர்கள் கல்லை நகர்த்தினார்கள். அம்மாவின் கலயத்துக்குப் பக்கத்தில் இடம் இருந்தது. மாட்சுயே ஓதினாள். தோமெகிச்சி என்ற பேர் மறுவாரமே கல்லில் வெட்டப்பட்டது, ஒரு எழுத்துக் கூட்டாமல், குறைக்காமல்.

அடுத்த மாதம் ஒன்பதாம் தேதி, ஜூலைப் புழுக்கத்தில், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ரியோஷின் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். ஹிசானோ வெந்நீர்த் துண்டைப் பிழிந்து தலையில் போட்டாள். சோப்பு நுரை தடவினாள். கத்தி காதுக்குப் பின்னால் போனபோது அவர் மெல்லக் கேட்டார்:

"கோபம் இன்னும் தீரலையாம்மா?"

"தீரலை. தலையைக் குனிங்க."

குனிந்தார். ஒரு கீறல் இல்லாமல் மழித்துத் துடைத்துவிட்டாள். வாசல் வரை போனவரைக் கூப்பிட்டாள்.

"சாமி, மேல போறப்ப அவர் கல்லைத் தாண்டித்தானே போவீங்க? ஒரு வார்த்தை பேசிட்டுப் போங்க. தோமெகிச்சின்னே கூப்பிடுங்க. வேற பேருக்குத் திரும்ப மாட்டாரு."