நானூற்றுப் பன்னிரண்டாம் எண் படம்

இடது கை வளையல்களை முதலில் கழற்றுகிறாள், பிறகு வலது கை. எல்லாம் கவரிங். மேசை இழுப்பறையில் ஸ்டேப்ளருக்குப் பக்கத்தில் அவை போய்ப் படுத்த பிறகுதான் பொன்மணியின் விரல்கள் கீபோர்டுக்கு வரும். ஏஜெண்டுகள் ஆர்டர் போட்டுக்கொண்டிருக்கும் டேட்டாபேஸில் கை வைக்கும் நாளில் மட்டும்தான் இப்படி. சோதனைக்கென்று வைத்திருக்கும் நகலில் வேலை பார்க்கும்போது வளையல்கள் கையிலேயே கிலுகிலுக்கும்.

அவள் அம்மா சுப்புத்தாய் ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசு ஆலை ஒன்றில் வேலை பார்க்கிறாள். அங்கே வளையல், கொலுசு, செல்போன் எல்லாம் வாசலிலேயே கழன்றுவிடும். வேலை அறைக்குள் வெடிமருந்துச் சரக்கு கொஞ்சமாகத்தான் வரும். அதை முடித்து வெளியே அனுப்பினால்தான் அடுத்தது.

"அங்க மருந்து இருக்கு, கழத்துறாக. இங்கன கம்ப்யூட்டரா வெடிக்கப் போவுது?" என்று பக்கத்து மேசை மகேஷ்குமார் கேட்பான்.

"மருந்து வெடிச்சா ஊருக்கே சத்தம் கேக்கும் மகேசு. இது வெடிச்சா சத்தமே கேக்காது. அதான் பயம்."

சத்தமில்லாமல் ஒருமுறை வெடித்தும் இருக்கிறது. திருத்தங்கலில் அவள் வேலை பார்க்கும் அச்சகத்தில் தினசரி காலண்டர்தான் தொழில். முதலாளி சபரிநாதன், தாத்தா காலத்து அச்சகத்தை அப்பாவிடமிருந்து வாங்கி நடத்துகிறவர். ஊர் ஊராக இருக்கும் ஏஜெண்டுகள் ஆர்டர் போடுவதற்கு இணையதளம் வேண்டும் என்று அவரிடம் மன்றாடி, தானே எழுதி ஓட விட்டவள் பொன்மணி.

ஆண்டுதோறும் ஆடிப் பதினெட்டு அன்று அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் வெளிவரும். அதில் ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். அச்சகத்துக்குள் முருகன், லட்சுமி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். "நூத்தி ஏழு ஓடுதா?", "முந்நூறு காய்ஞ்சிருச்சா?" என்றுதான் பேச்சு. அடுத்த ஆடியில் புது ஆல்பம் வந்ததும் அதே எண்கள் வேறு படங்களுக்குப் போய்விடும். ஊருக்கே தெரிந்த சங்கதி. அதனாலேயே டேட்டாபேஸுக்கு அதைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, பொன்மணிக்கும்கூட.

அதில் எண் மட்டும்தான் இருந்தது. எந்த ஆண்டின் எண் என்பது இல்லை. அருப்புக்கோட்டை ஏஜெண்ட் கோட்டைச்சாமி ஒரு பிரசவ ஆஸ்பத்திரிக்காக 'போன வருஷப் படமே' என்ற பொத்தானை அழுத்தினார். போன வருஷம் நானூற்றுப் பன்னிரண்டு, சிரிக்கும் குழந்தை. புது ஆல்பத்தில் நானூற்றுப் பன்னிரண்டு, அருவாளை ஓங்கி நிற்கும் கருப்பசாமி. அச்சானது, அட்டையில் ஒட்டியது, கட்டுக் கட்டாகப் போய் இறங்கியது. ஆஸ்பத்திரியின் பெயர் கருப்பசாமியின் காலடியில் பளிச்சென்று இருந்தது.

"பிள்ளை பெற வந்தவுகல்லாம் செவரப் பாத்துக் கையெடுத்துக் கும்பிடுறாக தாயி. டாக்டரம்மா என்னைத்தான் கும்பிட்டு வெளிய அனுப்பிட்டாக" என்றார் கோட்டைச்சாமி போனில். அச்சகமே சிரித்தது. பொன்மணிக்குச் சிரிப்பு வரவில்லை. மறுபடி அடித்துக் கொடுத்தாயிற்று, ஆனாலும் அந்தக் கருப்பசாமி ஒன்றைத் தன் மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டிக்கொண்டாள்.

போதாக்குறைக்கு இணையதளம் நொண்டியது. ஏஜெண்ட் தன் பழைய ஆர்டர்களைப் பார்க்கக் கேட்டால், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். "பட்டனை அமுக்கிட்டு டீ குடிச்சிட்டு வந்தா, அது இன்னும் சுத்திக்கிட்டு இருக்கு" என்று ஏஜெண்டுகள் முதலாளியிடம் போட்டுக்கொடுத்தார்கள்.

சபரிநாதன் நல்ல மனுஷன், ஆனால் வியாபாரி. "இந்த ஆடிப் பதினெட்டு வரைக்கும் பாப்பேன். அன்னிக்கும் படுத்துச்சுன்னா சென்னைக்காரன்கிட்ட ரெடிமேடா வாங்கி மாட்டிருவோம். நீ பில்லிங் பக்கம் வந்துரும்மா" என்றார்.

"படுக்காது அண்ணாச்சி" என்றாள்.

பொன்மணிக்கு ஒரு கேள்வி உண்டு. யார் எதைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தாலும், சரியா தப்பா என்று பார்ப்பதற்கு முன்பே கேட்பாள்: "எம்புட்டுப் பாத்து எடுத்தீக?" அவள் அளவு வளையலைத் தேடி எல்லாப் பெட்டியையும் திறந்து பார்த்த கடைக்காரரிடமும் இதையே கேட்டு, அளவு வாரியாக அடுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். அவர் இப்போது அவள் தலை தெரிந்தாலே சரியான பெட்டியை முன்கூட்டியே எடுத்து வைத்துவிடுகிறார்.

டேட்டாபேஸிடமும் அதே கேள்விதான். அது சொன்ன பதிலில் அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. ஒரு ஏஜெண்டின் ஆர்டர்களை எடுக்க, எல்லா ஏஜெண்டுகளின் எல்லா ஆர்டர்களையும் முதலிலிருந்து புரட்டியது. எடுத்த ஒவ்வொன்றுக்கும் படத்தைக் கொண்டுவர மறுபடி மறுபடி ஓடியது.

மகேஷ்குமார் உற்சாகமாக, "எல்லாத்துக்கும் இன்டெக்ஸ் போட்ருவோம், புரட்டாம நேரா எடத்தைக் காட்டிரும்" என்றான்.

"எல்லாத்துக்கும் போட்டா ஒவ்வொரு ஆர்டர் விழுறப்பவும் அம்புட்டையும் திருத்தணும். படிக்கிறது ஓடும், எழுதுறது நொண்டும். கேக்குறதுக்கு மட்டும் போடு."

ஏஜெண்ட், தேதி இரண்டையும் சேர்த்து ஒரே ஒரு இன்டெக்ஸ் போட முடிவானது. ஒரு முற்பகலில் மகேஷ்குமார் ஆர்வக்கோளாறில் அதை ஆர்டர் விழுந்துகொண்டிருந்த டேட்டாபேஸிலேயே நேராக ஓட்டிவிட்டான். அது கட்டி முடியும்வரை புது ஆர்டர் எதுவும் உள்ளே நுழைய முடியாமல் நின்றது. போன்கள் அலறின. பொன்மணி அவனைத் திட்டவில்லை. வளையலைக் கழற்றினாள், ஓடுவதை நிறுத்தினாள், "ஆர்டர் வாங்கிக்கிட்டே கட்டுற வழி இருக்கு. நாளைக்கு மத்தியானம்" என்றாள்.

மத்தியானம் என்பது அவள் விதி. ராத்திரியில் கை வைக்கவே மாட்டாள். "ஒடஞ்சா எழுப்புறதுக்கு ஆளு வேணும்ல." ஏஜெண்டுகள் சாப்பிட்டுக் கண்ணசரும் நேரம், அச்சு இயந்திரங்கள் ஓய்ந்திருக்கும் நேரம், அவள் வேலை நேரம்.

மறுநாள் இன்டெக்ஸ் யாருக்கும் தெரியாமல் கட்டி முடிந்தது. படங்களையும் ஆர்டர்களோடு சேர்த்து ஒரே நடையில் எடுத்துவர வைத்தாள். பிறகு பெரிய வேலை. ஒவ்வொரு படத்துக்கும் எந்த ஆடியிலும் மாறாத ஓர் அடையாளம் கொடுத்தாள். எந்த ஆண்டில் அந்தப் படத்துக்கு எந்த எண் என்பதை டேட்டாபேஸில் தனி அட்டவணையாக வைத்தாள். இனி ஆர்டர் எண்ணைப் பிடித்துக்கொள்ளாது, படத்தைப் பிடித்துக்கொள்ளும். பழைய ஆர்டர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புது இடத்துக்கு நகர்த்தினாள். ஒரு பிடி எடுப்பாள், வைப்பாள், சரிபார்ப்பாள். அது முடிந்த பிறகுதான் அடுத்த பிடி. "மொத்தமா அள்ளிப் போட்டா ஒரு நாள்ல முடியும்க்கா" என்ற மகேஷ்குமாரிடம், "எங்கம்மா அப்படி அள்ளிப் போட்டிருந்தா நான் இங்கன உக்காந்திருக்க மாட்டேன்" என்றாள்.

நடுவில் முட்டிக்கொண்டது. ஆடிப் பதினெட்டுக்குப் பிந்திய ஆர்டர் என்றால் புது ஆல்பத்து எண் என்றுதான் கணக்குப் போட்டிருந்தாள். ஆனால் சில ஏஜெண்டுகள் புது ஆல்பம் வந்த பிறகும் பழைய ஆல்பத்தைப் பையிலிருந்து எடுத்துக் காட்டி ஆர்டர் பிடிக்கிறவர்கள். அந்த ஆர்டர்களில் எண் எந்த ஆண்டுடையது என்று தேதியை வைத்துச் சொல்ல முடியாது.

"பெரும்பாலும் புதுசாத்தான் இருக்கும். புதுசுன்னே போட்ருவோம்" என்றான் மகேஷ்குமார். சபரிநாதனும், "காலியா விட்டா பாக்க அசிங்கமா இருக்கும்மா" என்றார்.

பொன்மணி எதிர்ச்சுவரைக் காட்டினாள். கருப்பசாமி அருவாளை ஓங்கியபடி நின்றார்.

"அவரும் பெரும்பாலும்னுதான் வந்தாரு அண்ணாச்சி. தெரியாததைத் தெரியாதுன்னே வைப்போம். ஆர்டர் பிடிச்சவுகளுக்குத் தெரியும்ல, அவுககிட்டயே கேப்போம்."

அந்த இடங்களைக் காலியாகவே விட்டாள். ஆர்டர் அட்டவணையில் பழைய எண் இருந்த பத்தியையும் அழிக்கவில்லை. கடைசிக் காலியிடம் நிரம்பும்வரை அது இருக்கட்டும் என்றாள். அன்றிலிருந்து வளையல்களும் இழுப்பறையிலேயே கிடந்தன. "என்னடி, கை மூளியா இருக்கு? பாக்குறவுக என்ன நெனைப்பாக?" என்று சுப்புத்தாய் கேட்டபோது, "வேலை உள்ள கெடக்கும்மா" என்றாள்.

ஆடிப் பதினெட்டு. இயந்திரங்களுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. சூடம் காட்டி முடிந்ததும் ஏஜெண்டுகள் ஆல்பத்துக்கு முண்டினார்கள். வர முடியாதவர்கள் தங்கள் ஊரிலிருந்தே இணையதளத்துக்குள் குவிந்தார்கள். பொன்மணி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சபரிநாதன் கையில் சுண்டல் தட்டோடு அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார், சாப்பிடாமல்.

கோட்டைச்சாமி செல்போனோடு அவள் மேசைக்கே வந்துவிட்டார். "தாயி, டாக்டரம்மா பெரிய மனசு பண்ணி மறுபடி குடுத்திருக்காக, போன வருஷப் படமேதான். ஓங்கையாலயே அமுக்கு. தப்புன்னா பழி ஒனக்கு."

"நீங்களே அமுக்குங்க. நான் பாக்குறேன்."

அழுத்திவிட்டு, வழக்கம்போல் டீக்காரரைத் தேடித் திரும்பினார். "அங்க எங்க பாக்குறீக? வந்திருச்சு" என்றாள். திரையில் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

அடுத்து ஒரு உரக்கடையின் ஆர்டர். இம்முறை இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. போன வருஷ ஆர்டரில் இருந்த எண்ணுக்கு, ஒன்று அதற்கு முந்திய ஆல்பத்து ஏர்க்காட்சி, இன்னொன்று போன வருஷ ஆல்பத்து மீனாட்சி. கீழே, 'நீங்கள் கொடுத்தது எந்தப் படம்?'

கோட்டைச்சாமி கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "அடேயப்பா! இதுக்குக் கேக்கத் தெரியுதே. எங்க வீட்டுல பொறந்ததுகளுக்கே அது தெரியாது" என்று ஏரின்மேல் விரலை வைத்தார்.

பின்னாலிருந்து சுண்டல் மெல்லும் சத்தம் கேட்டது. "பில்லிங்குக்கு வேற ஆளத்தான் பாக்கணும் போல" என்றார் சபரிநாதன். "அதான் ஓடுதுல்லம்மா, நல்ல நாளும் அதுவுமா வளையலப் போடு."

பொன்மணி திரையைப் பார்த்தாள். ஆர்டர்கள் விழுந்துகொண்டிருந்தன. காலியிடங்கள் ஒவ்வொன்றாக நிரம்பிக்கொண்டிருந்தன. இன்னும் பாக்கி இருந்தன. இழுப்பறையைத் திறந்தாள். இடது கைக்குரியவற்றை மட்டும் எடுத்து மாட்டிக்கொண்டு, மூடினாள்.