மழைமேல் பழி போடாத அக்கா

எங்கள் அக்கா மன்னார் பேசாலையில் பிறந்தார். அப்பாவைக் கடலில் இழந்தபின் அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கனடாவில் ரொறன்ரோ வந்து, மோர்னிங்சைட்டில் குடியேறினார். அம்மா தொழிற்சாலைக்குப் போக, எனக்குச் சோறாக்கித் தந்துகொண்டே படித்து அக்கா தொலைத்தொடர்புப் பொறியியலாளர் ஆனார்.

நினைவு மலர்களில் இறந்தவர்கள் எல்லோரும் சாந்த சொரூபிகள். அக்கா அப்படியல்ல. அளந்து பாராமல் கதைப்பவர்களைக் கண்டால் அவருக்கு இளக்காரம். அதை மறைக்கும் பழக்கமும் இல்லை. "பொம்பிளைப் பிள்ளை கோபுரம் ஏறலாமோ?" என்று கேட்ட மாமா ஒருவரிடம், "நீங்கள் கூரைக்கு ஏணி வைக்கவே ஆள் பிடிக்கிறனீங்கள், மாமா" என்றார். மாமா அதன்பின் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. நாங்கள் தேடவும் இல்லை.

பக்கத்து மார்க்கம் நகரில் ஒரு நிறுவனத்தில் அக்கா வேலை செய்தார். கம்பி போகாத ஊர்களுக்குக் கோபுரத்திலிருந்து கோபுரத்துக்கு நுண்ணலை வழியே தொலைபேசியைக் கொண்டுபோவது அவர்கள் தொழில். வடக்கே ஒரு சிற்றூரின் தீயணைப்பு நிலையம் அப்படியொரு இணைப்பையே நம்பியிருந்தது. மழை பெய்தால் அதில் பிழைகள் பெருகி, பேச்சு அறுந்துவிடும். படியில் விழுந்த முதியவர் ஒருவர் உதவி கேட்டுக்கொண்டிருக்கும்போதே அழைப்பு அறுந்தது. அயல்வீட்டுக்காரி கண்டதால் அவர் பிழைத்தார்.

அக்காவின் மேலாளர் எங்கள் தமிழ் ஆள்தான். பெயரை எழுதி இந்த மலரை அழுக்காக்க நான் விரும்பவில்லை. அவர் கருவியை இரண்டு தடவை மாற்றினார். பிழை தீரவில்லை. பிறகு அக்காவை அனுப்பினார். வந்துசேரும் அலையின் பலம், திட்டத்தில் கணித்ததைவிட வெயில் நாளிலும் மிகக் குறைவாக இருப்பதை அக்கா கண்டார். டிஷ் அனுப்பும் அலை நடுவில் பலமாகவும் ஓரத்தில் மெலிந்தும் போகும்; ஓரத்திலும் ஒரு சின்ன உச்சம் உண்டு. எதிர்க் கோபுரத்து டிஷ் நடுவை விட்டு ஓரத்தைப் பிடித்திருந்தது. வெயிலுக்கு அது தாங்கும், மழைக்குத் தாங்காது.

அந்த டிஷ்ஷை முதலில் பூட்டியவர் அக்காவேதான். பனிக்காற்றில் கை விறைக்க, மீட்டர் முதலில் காட்டிய உச்சத்தையே சரியென்று நம்பி இறுக்கியிருந்தார். அன்றே மேலே ஏறித் திருப்பிச் சரிசெய்தார். அடுத்த பெருமழையில் ஒரு பிழையும் வரவில்லை.

ஊர்க்காரருடனான கூட்டத்துக்கு முன் மேலாளர் அக்காவை ஒதுக்கிக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, மழை எண்டு சொல்லிவிடும். மழை வந்து வழக்குப் போடாது."

"மழை பிழை விடேல்லை, அண்ணை. நான் விட்டனான்."

"உமக்கு விசரே? வேலை போகும்."

"போகட்டும். அந்தக் கிழவன் செத்திருந்தாலும் மழை எண்டுதான் சொல்லுவியளோ?"

கூட்டத்தில் அக்கா உள்ளதைச் சொன்னார். அடுத்த கிழமை வேலை போனது. மேலாளருக்குப் பதவி உயர்வு கிடைத்தது. கருவியை மாற்றி மாற்றிப் பார்த்தவருக்கு அதைவிடப் பொருத்தமான பரிசு வேறில்லை. அன்றிரவு அக்கா என்னிடம், "வெக்கமாக் கிடக்கடா. வேலை போனதுக்கில்லை, நான் பிழையாப் பூட்டினதுக்கு" என்று அழுதார். அவர் அழுது நான் கண்டது அப்போதுதான்.

பிறகு விட்பி நகரில் வேறு வேலை கிடைத்தது. புற்றுநோய் வரும்வரை கோபுரம் ஏறினார். அலைகள்தான் நோயைத் தந்தன என்று ஆஸ்பத்திரியில் வந்து விளக்கிய உறவினர்களைக் கண்ணை மூடித் தூங்குவதுபோல் நடித்து அனுப்பிவைத்தார்.

இறுதிவரை பார்த்த தாதியருக்கும், நாள்தோறும் கஞ்சி கொண்டுவந்த அயல்வீட்டு அன்ரிக்கும், செபித்த பங்கு மக்களுக்கும் எம் குடும்பத்தின் நன்றி. மேலாளர் இம்மலருக்கென, 'நேர்மையின் சிகரம்' என்று ஒரு முழுப்பக்க அஞ்சலி அனுப்பியிருந்தார். அதை நாங்கள் அச்சிடவில்லை. அடுத்த பக்கத்தில் நீங்கள் காண்பது, வடக்கே அந்தச் சிற்றூரிலிருந்து சீருடையோடு வந்து அக்காவின் பெட்டியைத் தோளில் சுமந்த தீயணைப்பு வீரர்களின் படம்.

தம்பி