ஜெயிக்க விட்டவர்

தூக்க மாஸ்டர் என்று சொன்னால் சைக்கிள் பந்தயக்காரர்கள் மத்தியில் சிரிக்காத ஆள் கிடையாது. மற்ற பயிற்சியாளர்கள் வீரனை இன்னும் எவ்வளவு ஓட்ட வைக்கலாம் என்று மண்டையை உடைத்துக்கொள்வார்கள். இவர் எப்போது ஓட்டாமல் இருக்க வைக்கலாம் என்று யோசிப்பார். எந்தப் பந்தயத்துக்குப் போவது, எதற்குப் போகாமலிருப்பது, எந்த வாரம் உடம்பைப் பிழிவது, எந்த வாரம் அதைக் கட்டிலில் போட்டு ஆற வைப்பது என்று சீசன் முழுவதற்கும் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் அவருடைய பிழைப்பு. அவருடைய அணிக்குச் சட்டை அடித்துக் கொடுத்தது ஒரு மெத்தைக் கடை. முதுகில் தலையணைப் படம் வேறு. கேலி செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

அணி என்று பெயர்தானே தவிர, அதில் பேர் சொல்லும்படி ஓட்டியது ஒரே ஒருவர், மாஸ்டருடைய தங்கையின் கணவர். மாஸ்டர் அவரை மாப்பிள்ளை என்பார், அவர் இவரை மச்சான் என்பார். மாடியில் மாஸ்டர், கீழே தங்கை குடும்பம். ஓய்வு வாரங்களில் கீழ் வீட்டில் நடக்கும் கூத்தைப் பார்க்கப் பொறுமை வேண்டும். வேலையில்லாத பந்தயக்காரனை வீட்டில் வைத்துச் சமாளிப்பது லேசுப்பட்ட காரியமில்லை. மாப்பிள்ளை அலமாரியைப் பிரித்துப் போடுவார், குழாயைத் திருகுவார், கதவுக்கு எண்ணெய் விடுவார், கடைசியில் மனைவியின் சமையலில் மூக்கை நுழைப்பார்.

"அண்ணா, இந்த மனுஷனை ரோட்டுக்கு அனுப்பு, இல்லேன்னா நான் போறேன்" என்று தங்கை மாடிப்படியில் நின்று கத்துவாள். மருத்துவமனையில் பிசியோதெரபி பார்க்கிறவள் அவள். ஊரார் மூட்டுகளையெல்லாம் பொறுமையாக நீவிவிடுகிறவளுக்கும் வீட்டில் பொறுமை இருக்காது.

"இன்னும் நாலு நாள் பொறுத்துக்கோ."

"மச்சான், காலு மரக்கட்டையா இருக்கு. துருப்பிடிச்சுப் போச்சு" என்பார் மாப்பிள்ளை.

"அது துரு இல்ல மாப்ள, உடம்பு தன்னைத்தானே தச்சுக்கிட்டிருக்கு. நடுவுல போய் நூலைப் பிடிச்சு இழுக்காதீங்க."

இப்படி வேடிக்கையாகப் பேசுகிறவர்தான். ஆனால் சாட்டை என்ற பெயரை யாராவது எடுத்தால் போதும், அவர் முகம் இறுகிவிடும்.

சாட்டை என்பது இருப்பதிலேயே பெரிய அணியை நடத்திய ஆளின் பட்டப்பெயர். மாஸ்டர் இளவயதில் அந்த ஆளிடம்தான் ஓட்டினார். மலை ஏறுவதில் கெட்டிக்காரர் என்று பெயரும் வாங்கியிருந்தார். ஒரு சீசனில் காய்ச்சல் விட்டும் விடாமலும் பந்தயத்துக்குப் பந்தயம் இழுத்தடிக்கப்பட்டு, இனி முடியாது என்று ஆனபோது, கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும் என்று வாய் திறந்து கேட்டார். கேட்ட இடம் சாப்பாட்டு மேசை. மொத்த அணியும் உட்கார்ந்திருந்தது. சாட்டை எழுந்து வந்தார், இவர் முன்னாலிருந்த தட்டை எடுத்தார், சமையலறை ஜன்னலில் கொண்டுபோய் வைத்தார்.

"ஓட்டறவனுக்குத்தான் சாப்பாடு. படுக்கறவனுக்குப் பாய் போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்காவிட்டால் தங்கள் தட்டும் போய்விடுமோ என்று சிரித்தவர்களும் உண்டு. மறுநாள் இவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். சீசன் முடிவதற்குள் வீட்டுப் படி ஏறினாலே மூச்சு வாங்கியது. டம்ளரைப் பிடித்தால் கை நடுங்கியது. அந்த உடம்பு அதற்கப்புறம் திரும்பவேயில்லை. களைப்பு என்றால் என்ன, அது எங்கே போய் ஒளிந்துகொள்கிறது, எப்படி வெளியே வருகிறது என்பதையெல்லாம் அவர் பிறகு படித்தும் பார்த்தும் கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டது தொழிலுக்காக மட்டும் என்று அவரே சொன்னாலும் நம்ப முடியாது. அந்தத் தட்டு அவர் வயிற்றை எரித்துக்கொண்டே இருந்தது.

சாட்டையின் அணியில் இப்போது கொடிகட்டிப் பறந்தவன் குருவி. ஒல்லியான பையன், ஏற்றத்தில் எழுந்து மிதித்தால் சைக்கிளுக்கே பாரம் தெரியாது. சீசனின் கடைசியில் வரும் மலைப் பந்தயம்தான் எல்லாவற்றிலும் பெரியது. போன வருடம் அதில் குருவி ஜெயித்தான், சாட்டையின் கால் தரையில் பாவவில்லை. இந்த வருடம் அந்தப் பந்தயத்தில் சாட்டையின் மூக்கை உடைக்க வேண்டும் என்று மாஸ்டர் முடிவு செய்தார். ஆனால் நேருக்கு நேர் ஏறினால் மாப்பிள்ளையால் குருவியின் நிழலைக்கூடத் தொட முடியாது. இது அவருக்கும் தெரியும், மாப்பிள்ளைக்கும் தெரியும்.

"அப்புறம் எப்படி மச்சான் ஜெயிக்கறது?"

"உங்களை நான் தூங்க வைப்பேன். அவனைச் சாட்டை தூங்க விடமாட்டான். நாம சும்மா தூண்டிவிட்டாப் போதும்."

எப்படித் தூண்டுவது என்று மாஸ்டருக்கு நன்றாகத் தெரியும். யாரிடம் தோற்றாலும் பொறுத்துக்கொள்ளும் சாட்டைக்குத் தலையணைச் சட்டையிடம் தோற்பது மட்டும் பொறுக்காது. சீசன் தொடக்கத்தில் குருவி வராத ஒரு சின்னப் பந்தயத்தில் மாப்பிள்ளை ஜெயித்தார். மைக்கை நீட்டியவர்களிடம் மாஸ்டர் குழைந்து குழைந்து பேசினார். "குருவி வராதது எங்க அதிர்ஷ்டம். பாவம், பெரிய அணி, பெரிய பையன், இந்த மாதிரி ரோட்டுக்கெல்லாம் வரப் பயமா இருக்கும்" என்றார். அடுத்த வாரமே குருவியின் பெயர் பட்டியலில் ஏறியது.

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் ஒரே மாதிரி. பந்தயம் தொடங்கியதும் மாப்பிள்ளை பேய் பிடித்தவர்போல முன்னால் பாய்வார். சாட்டை காரிலிருந்து "விடாதே, அவனைப் பிடி" என்று அலறுவார். குருவி துரத்துவான். துரத்திப் பிடித்துக் கொஞ்ச நேரமானதும் மாப்பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓரமாக இறங்கி, வண்டியில் ஏறி, வீட்டுக்கு வந்து படுத்துவிடுவார். குருவியோ மிச்சத் தூரத்தையும் எல்லாருடனும் மல்லுக்கட்டி ஓட்டி ஜெயிப்பான். ஒரு வாரம் இல்லை, இரண்டு வாரம் இல்லை, சீசன் பூராவும் ஜெயித்தான். பத்திரிகைகள் அவனைத் தலையில் தூக்கி வைத்து ஆடின. சாட்டை மீசையை முறுக்கினார். ஒவ்வொரு கோப்பையையும் தூக்கும்போது பையனின் தோள் எலும்பு சட்டைக்கு வெளியே கொஞ்சம் அதிகமாகத் தெரிவதை மாஸ்டர் மட்டும் எட்ட நின்று பார்த்தார். பார்க்கப் பார்க்க அவருக்கு நெஞ்சு குளிர்ந்தது. உள்ளதைச் சொல்லத்தானே வேண்டும், குளிர்ந்தது.

மலைப் பந்தயத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால் நடந்த ஒரு பந்தயத்தில், வண்டிகள் நிறுத்துமிடத்தில் குருவி தனியாக மாஸ்டரிடம் வந்தான். சாட்டை கண்ணில் படாமல் வந்திருந்தான். உதடு வெளுத்திருந்தது, பேச்சில் பிசிறு தட்டியது.

"சார், ஒரு சந்தேகம். யார்கிட்ட கேக்கறதுன்னு தெரியல. காலைல எழுந்ததும் நாடி பாக்கறேன், முன்னே வேகமா அடிச்சுது. இப்ப ரொம்ப இறங்கிடுச்சு. இவ்ளோ கம்மியா எனக்கு இருந்ததே இல்ல. உடம்பு தேறிடுச்சுன்னு எங்க சார் சொல்றாரு. ஆனா கால் அசையவே மாட்டேங்குது. நல்லதுதானா?"

மாஸ்டருக்கு இதற்கு விடை தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். நன்றாக ஓய்வெடுத்தவனுக்கு நாடி நிதானமாக இருக்கும். அளவுக்கு மீறிக் களைத்துப்போனவனுக்கும் ஒரு கட்டத்தில் அப்படியே இறங்கிவிடும். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், இந்தத் தொழிலில் இருப்பவர்கள் ஏமாறுகிற இடமே இதுதான். தேறியவன் ஏற்றத்தில் மிதித்தால் நாடி மளமளவென்று எகிறும். தீர்ந்துபோனவன் உயிரைக் கொடுத்து மிதித்தாலும் அது ஏறாது. இளவயதில் மாஸ்டருக்கும் இப்படித்தான் இறங்கியது, அவரும் தேறிவிட்டோம் என்று நம்பித்தான் கெட்டார். இனிமேல் ஒரு பந்தயம்கூடப் போகாதே, வீட்டுக்குப் போய்ப் படு என்று ஒரு வார்த்தை சொன்னால் பையன் பிழைத்துக்கொள்வான். அப்புறம் மலைப் பந்தயத்தில் சாட்டையின் ஆளே இருக்க மாட்டான். இல்லாத ஆளை ஜெயித்து என்ன பிரயோசனம்?

"நல்லதுதாம்பா" என்றார் மாஸ்டர். "உடம்பு உச்சத்துக்கு வந்திருக்கு. விட்றாதே."

பையன் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான். பின்னால் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்த மாப்பிள்ளை அப்படியே நின்றார்.

"மச்சான், என்ன சொல்லி அனுப்பினீங்க அவனை?"

"காதுல விழுந்துச்சில்ல."

"நம்மளை நம்பிக் கேட்டான் மச்சான்."

"என்னையும்தான் ஒருத்தன் நம்ப வெச்சான். உங்க வேலை மிதிக்கறது. சக்கரத்தைக் கழட்டுங்க."

மாப்பிள்ளை சக்கரத்தைக் கழற்றினார். ஆனால் வீட்டில் சொல்லியிருக்கிறார். அன்று சாயங்காலம் தங்கை மாடிக்கு வந்து, உட்காராமல், கதவில் சாய்ந்து நின்றாள்.

"உன் உடம்பு போனப்ப நான் பக்கத்துல இருந்து பாத்தவ அண்ணா. அம்மா உன்னைப் பிடிச்சுக் குளிக்க வெச்சதெல்லாம் பாத்தேன். அதே நிலைமைக்கு இன்னொரு வீட்டுப் பிள்ளையை நீ தள்ளுவியா?"

"நான் தள்ளல. அவனை ஓட்டறது சாட்டை."

"கேட்டப்ப உண்மையைச் சொல்லிருக்கலாமே."

"சொல்லிருக்கலாம்" என்றார் மாஸ்டர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே. தங்கை இறங்கிப் போய்விட்டாள்.

மலைப் பந்தயத்தன்று மாப்பிள்ளைக்கு உடம்பெல்லாம் துள்ளியது. தொடக்கத்தில் பாயவில்லை, வயிற்றைப் பிடிக்கவில்லை, கூட்டத்துக்குள் பதுங்கியே வந்தார். மலை தொடங்கியதும் சாட்டையின் ஆட்கள் வழக்கம்போல முன்னால் போய் வேகத்தை முறுக்கினார்கள். குருவி எழுந்து மிதித்தான். கொஞ்ச தூரம்தான். அப்புறம் உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். ஒவ்வொருவராக அவனைத் தாண்டிப் போனார்கள். மாப்பிள்ளையும் தாண்டினார், தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்கவில்லை. பின்னால் காரில் வந்த மாஸ்டர் பார்த்தார். குருவி சைக்கிளை ஓரமாகச் சாய்த்து வைத்து, தடுப்புச் சுவரில் உட்கார்ந்து, தன் தொடையையே யாருடையதோ போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சியில் தலையணைச் சட்டை முதலில் கோட்டைத் தாண்டியது. கூட்டம் சிரித்ததா கைதட்டியதா என்று பிரித்துச் சொல்ல முடியாத சத்தம். மாஸ்டர் நேராகச் சாட்டையின் காருக்குப் போனார். இத்தனை வருடமாகக் குளிக்கும்போதும் நடக்கும்போதும் சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த பேச்சு ஒன்று அவரிடம் இருந்தது. சாட்டையின் முகத்தில் ஈ ஆடவில்லை. கையில் ஃபோன், கண் சிவந்திருந்தது.

"எல்லாப் பந்தயமும் ஜெயிச்சானே, இன்னிக்கு என்ன வந்துச்சு அவனுக்கு? உங்களுக்கு ஏதாவது புரியுதா?" என்று அந்த ஆளே மாஸ்டரைப் பார்த்துக் கேட்டார்.

"எல்லாத்தையும் ஜெயிச்சதுதான் வந்துச்சு. உங்களை ஜெயிக்க விட்டது நான். ஒவ்வொரு கோப்பையும் நான் போட்ட பிச்சை. பையனை ஓட்டியே கொன்னுட்டீங்க, என்னைக் கொன்ன மாதிரியே."

சாட்டைக்குப் புரிய நேரமானது. புரிந்தபோது அந்தப் பெரிய உடம்பு கார்க் கதவைப் பிடித்துக்கொண்டது. மாஸ்டர் அதை நின்று நிதானமாகப் பார்த்தார். இனித்தது. சும்மா சொல்லக்கூடாது, நினைத்ததைவிட அதிகமாகவே இனித்தது. வீட்டுக்கு வந்த பிறகும் பல நாள் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டார். தங்கை மட்டும் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு காலையில் குருவி வந்தான். மாடிப்படியைக் கைப்பிடிச்சுவரைப் பிடித்து, நடுவில் ஒருமுறை நின்று, ஏறி வந்தான். தங்கை பின்னாலேயே நாற்காலி கொண்டுவந்து போட்டாள். அணியிலிருந்து அவனை நீக்கிவிட்டார்கள் என்றும், டாக்டர் இனி சைக்கிளைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார் என்றும் அவனே சொன்னான்.

மாஸ்டர் பழி வாங்கியவர் என்றாலும் கல்நெஞ்சக்காரர் இல்லை. "அன்னிக்கு நாடியைப் பத்திக் கேட்டியே, நான் சொன்னது பொய்" என்றார். இதைச் சொல்ல அவருக்குச் சாட்டையிடம் பேசியதைவிட அதிகத் தெம்பு தேவைப்பட்டது.

"தெரியும் சார். டாக்டர் விளக்கமாச் சொன்னாரு. சீசன் பூரா நீங்க என்ன பண்ணீங்கன்னும் உக்காந்து யோசிச்சுக் கண்டுபிடிச்சிட்டேன்."

"என்னைத் திட்டு. அடிக்கணும்னாலும் அடி."

"அதுக்கு வரல" என்றான் குருவி. குரலில் கோபமே இல்லை. "எங்க சார் தெரியாம முறிச்சாரு. நீங்க தெரிஞ்சு முறிச்சீங்க. அந்த ஆள் எனக்குப் பதிலா ஒரு புதுப் பையனை எடுத்திருக்காரு சார். பயங்கரமா ஏறுறான். அடுத்த வருஷம் அவனை வெச்சு மலையைப் பிடிச்சிடுவாரு. பிடிக்கக் கூடாது. அந்த வித்தையை எனக்குக் கத்துக்குடுங்க."

கதவருகில் நின்ற தங்கை அண்ணன் முகத்தையே பார்த்தாள். வேண்டாம்ப்பா, போதும்ப்பா, அந்தப் பையன் உனக்கு என்ன செய்தான் என்று சொல்லத்தான் மாஸ்டர் வாயைத் திறந்தார். சத்தியமாக அதற்குத்தான் திறந்தார்.

"அந்தப் புதுப் பையன், தோத்தா அழற பையனா, கோபப்படற பையனா?" என்று கேட்டார்.