பெரிய வெள்ளியன்று பதிந்த வாசிப்பு

என் அப்பா இனிகோ துறைமுகத்தில் கிரேன் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் பங்குக் கோயிலில் கீபோர்டு வாசித்தார். சம்பளம் கிடையாது. தெருவில் வந்து கேட்டால் 'கீபோர்டு இனிகோ' என்றுதான் வீடு காட்டுவார்கள். அத்தனை வருடம் கிரேன் பார்த்தது யாருக்கும் நினைவில்லை.

போன வருடத் தொடக்கத்தில் அவருடைய வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் சொன்னபடி கேட்காமல் போயின. மதுரையில் நரம்பு மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார். இனிமேல் குறையத்தான் செய்யும் என்றும் சொன்னார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"ஏளா ஏஞ்சலின், நான் வாசிக்கதை அப்படியே கம்ப்யூட்டர்ல ஏத்தி வைக்க முடியுமா? நான் இல்லாட்டியும் கோயில் பிள்ளைங்க அதுக்குப் பாடணும்."

முடியும் என்றேன். சென்னையில் கார் எலக்ட்ரானிக்ஸ் சோதனைக்கூடத்தில் எனக்கு வேலை. கோயில் கீபோர்டின் பின்பக்கம் ஐந்து முனை கொண்ட வட்ட சாக்கெட் இருந்தது. மிடி என்பார்கள். அதில் சத்தம் வராது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தம் என்ற செய்தி மட்டும் வரும். அதைச் சேமித்து வைத்தால், பிறகு அதே கீபோர்டுக்குத் திருப்பி அனுப்பி, விரல் படாமலே வாசிக்க வைக்கலாம்.

ஆன்லைனில் ஒரு கேபிள் வாங்கி அனுப்பினேன். நான்கு கட்டைகளை வேகமாகச் சேர்த்து அழுத்தினால் ஒன்று காணாமல் போனது. "தொலைக்கதுக்கு என் விரலே போதும்" என்று அதைத் தூக்கிப் போட்டார். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் பதினைந்து முனை ஜாய்ஸ்டிக் சாக்கெட்டோடு ஒரு சவுண்ட் கார்டு இருந்தது. அதில் மிடியும் உண்டு. இடையில் வைக்கும் பெட்டியைத் தானே செய்வதாகச் சொன்னார்.

பெரிய விஷயமில்லை. கொஞ்சம் ரெசிஸ்டர், ஒரு டயோடு, ஓர் ஆப்டோகப்ளர். ஆப்டோகப்ளர் என்பது சின்ன ஐ.சி. உள்ளே ஒரு பக்கம் விளக்கு, மறுபக்கம் அதைப் பார்க்கும் கண். நடுவில் வயர் கிடையாது. இரண்டு கருவிகளின் மின்சாரமும் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பதற்காகத்தான் அது. நான் லீவில் வந்து போர்டைப் பிடித்துக்கொள்ள, அப்பா இடது கையால் ஈயம் வைத்தார்.

கீபோர்டு கோயில் சொத்து. வருடத்தில் ஒரு தடவைதான் அது வீட்டுக்கு வரும். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் முடிந்தால், ஈஸ்டருக்கு முந்திய பாஸ்கா இரவில் மறுபடி அந்தக் கீதம் வரும்வரை கோயிலில் எந்த இசைக்கருவியும் ஒலிக்காது. அந்த இடைவெளியில் அப்பா அதைக் கொண்டுவந்து பிரித்து, உப்புக் காற்றில் பூத்த கான்டாக்டுகளைத் துடைப்பார். பதிவையும் அப்போதுதான் செய்ய முடியும். அடுத்த வருடம் கை இருக்காது.

பெரிய வெள்ளி காலையில் எல்லாவற்றையும் இணைத்து ஸ்விட்சைப் போட்டார். ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல். குசினியில் உபவாசக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்த அம்மா கரண்டியோடு வந்துவிட்டாள்.

"இன்னைக்கு என்ன நாளுன்னு அப்பனுக்கும் மகளுக்கும் தெரியுமா, தெரியாதா?"

"பாட்டு இல்ல பிலோமி. வெறும் இரைச்சல்."

"சேசு செத்துக் கிடக்காரு. இவருக்கு இரைச்சல்."

பெட்டியைத் திறந்து பார்த்தேன். கீபோர்டு பக்கத்து கிரவுண்டையும் கம்ப்யூட்டர் பக்கத்து கிரவுண்டையும் எர்த் மாதிரி ஒரு தடித்த பச்சை வயரால் இணைத்திருந்தார். நடுவில் வயர் வேண்டாம் என்றுதானே அந்த ஐ.சி. என்றேன்.

"எர்த் இல்லாத பெட்டியை நான் செய்ய மாட்டேன்" என்றார்.

அவரோடு வேலை பார்த்த தாணுலிங்கம் அண்ணாச்சி, எர்த் விட்டுப்போன, சுமை இழுக்கும் ஒரு கப்பல் வின்ச்சைத் தொட்டு அப்பாவின் கண் முன்னால் போனவர். அதற்குப் பிறகு வீட்டு கிரைண்டருக்குக்கூட அப்பா இரண்டு எர்த் கொடுத்திருந்தார். நான் வாதாடவில்லை. மல்டிமீட்டரை நீட்டினேன். இரண்டு பக்கத்துக்கும் இடையே அளந்து பார்த்தார். முள் ஓரம்வரை போய் நின்றது; அந்த வயர் வழியாக இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தன, இரைச்சல் அதனால்தான். பிறகு கட்டரை எடுத்து, தானே அந்த வயரை வெட்டினார். வெட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இரைச்சல் நின்றது. ஆனால் அம்மா போகவில்லை.

"சத்தம் வந்துச்சுன்னா பிளக்கைப் புடுங்கிருவேன்."

"சத்தமே வேண்டாம்ளா. இதுக்குத் தேவையில்ல" என்று அப்பா வால்யூமை முழுக்கக் குறைத்தார். ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டார். அன்று பகல் முழுக்கச் சத்தமில்லாமல் வாசித்தார். கட்டைகள் தட்டுப்படும் சத்தம் மட்டும்தான் கேட்டது. திரையில் ஒவ்வொரு சுரமும் சின்னக் கோடாக விழுந்தது. வலது கை ஓரத்து விரல்கள் வரவேண்டிய இடங்களில் கோடு தாமதமாக வந்தது. சில இடங்களில் வரவே இல்லை.

"எல்லாம் விழுதா?" என்று கேட்டார்.

"விழுதுப்பா."

பாஸ்கா இரவில் அவர் வாசித்தார். அதன் பிறகு சில ஞாயிறுகள்தான். மழைக்காலத்தில் மூச்சுவிடும் தசைகளுக்கும் நோய் வந்தது. கார்த்திகையில் போய்விட்டார்.

முப்பதாம் நாள் பூசைக்கு அந்த வாசிப்பை வைத்துப் பாட வேண்டும் என்று அம்மா சொன்னாள். பாடகர் குழுவை நடத்தும் கிளாடிஸ் டீச்சர் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர் ஸ்பீக்கரில் கேட்டுப் பார்த்தார்.

"ரெண்டாவது சரணத்துல அண்ணன் நிக்காருல்லா. எங்களால பிடிக்க முடியாது. நேராக்கிக் குடுத்துரு."

"நேராக்கலாம் டீச்சர். ஒரு பட்டன்தான்."

நகல் எடுத்து அந்த பட்டனை அழுத்தினேன். எல்லாக் கோடுகளும் தாளத்துக்குள் போய் வரிசையாக நின்றன. கேட்டேன். கடையில் கீபோர்டு விற்கும்போது தானாக ஓடுமே, அந்த டெமோ மாதிரி இருந்தது. அதில் யாரும் இல்லை. நகலை அழித்தேன். அவர் வாசித்ததைத்தான் கொண்டுபோவேன் என்று டீச்சரிடம் சொன்னேன்.

"உங்கப்பா மாதிரியே பிடிவாதம்" என்றார். மூன்று சாயங்காலம் பிள்ளைகளை எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்து பழக்கிப் பார்த்தார்.

பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாடகர் மாடியில் வைத்தோம். காணிக்கைப் பாட்டுக்கு நான் தொடக்கினேன். முதல் சரணம் சரியாகப் போனது. கீழே திரும்பிப் பார்த்தவர்களில் சிலர் அழுதார்கள். இரண்டாவது சரணத்தில் கீபோர்டு நின்றது. பிள்ளைகள் நின்றார்கள். அது தொடங்கியது. பாதிப் பேர் முன்னால் போனார்கள், பாதிப் பேர் பின்னால். டீச்சர் கையை உயர்த்தித் தாளம் காட்டினார். கீபோர்டுக்குக் கண் இல்லை. ஒவ்வொரு குரலாக விழுந்து, கடைசியில் பாடுவதற்கு யாரும் இல்லை. டீச்சர் என்னைப் பார்த்தார். நிறுத்த என் கை போகவில்லை. ஆளில்லாத கட்டைகளில் அப்பா கடைசிவரை வாசித்தார். ஃபாதர் கிண்ணத்தைப் பிடித்தபடி அதுவரை காத்து நின்றார்.

திரும்பும்போது ஆட்டோவில் மானிட்டர் அம்மாவின் மடியில் இருந்தது.

"உயிரோட இருக்கும்போதும் அவருக்கு விரல் நிக்கும்" என்றாள். "பிள்ளைங்க குரல் எங்க போகுதுன்னு கேட்டு, தாண்டிப் போய்ப் பிடிச்சுக்கிடுவாரு. பதிஞ்ச அன்னைக்கு யாரும் பாடலையே."

சத்தம் வரக்கூடாது என்றது அவள்தான். வீடு வந்ததும் மானிட்டரை நான் வாங்கிக்கொண்டேன். அவள் இறங்கி, சாவி எடுத்து, கதவைத் திறந்தாள்.