அமைப்பாளருக்கு விழுந்த மாலை

தமிழ்ப்பள்ளி அமைப்பாளர் என்பவர், கல்வி இலாகா திட்டும்போது பள்ளிக்காரர். பள்ளிகள் திட்டும்போது இலாகாக்காரர். ஆசிரியராகவோ பெற்றோர் சங்கத்திலோ இந்தப் பள்ளிகளோடு மாரடித்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எழுபதுகளின் கடைசியில், ஈப்போவில், அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

டையும் தோல்பையும்

பதவி வந்ததும் முதல் வேலையாக ஒரு டை வாங்கினேன். அடுத்து ஒரு தோல்பை. பைக்குள் வீட்டுக்காரி கட்டிக்கொடுத்த நாசி லெமாக் சோறு மட்டும்தான் இருந்தது. லகாட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கு முதல் வருகை. கேட்டில் ஜாகா பார்த்த காவல்காரப் பெரியவர் என் டாட்சன் காரை ஒரு சுற்றுச் சுற்றினார். டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார். கண்ணாடியை இறக்கி, பெரிய அதிகாரி சிரிக்கிற மாதிரி சிரித்து வைத்தேன்.

"இன்சூரன்சா? திரும்பிப் போங்க சார். இங்க யாரும் இப்போதைக்குச் சாவுற மாதிரி இல்ல லா."

முதல் சொற்பொழிவு

தோட்டத்தில் பாதியை விற்றுவிட்டார்கள். ஜனங்கள் ஈப்போ பேக்டரிகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இப்படியே குறைந்தால் பள்ளியை மூடிவிடுவோம் என்று இலாகா சொல்லியிருந்தது. மூடினால், மிச்சமிருக்கிற பிள்ளைகள் லோரியில் டவுனுக்குப் போய்ப் படிக்க வேண்டும். பாதிப் பேர் லோரி ஏறமாட்டார்கள், அம்மாவோடு ரப்பர் பால் வெட்டத்தான் போவார்கள். நானும் தோட்டத்தில் பிறந்தவன், எனக்குத் தெரியாதா? வயிறு எரிந்தது.

தலைமையாசிரியர் மாணிக்கம் பேயறைந்த மாதிரி நின்றார். "நான் இருக்கிறவரைக்கும் இந்தப் பள்ளியை யார் தொடுவது பார்க்கிறேன்" என்று கையை உயர்த்தி ஆரம்பித்தேன். மழை பிடித்துக்கொண்டது. மனுஷன் பவ்வியமாக ஒரு வாளியை என் காலடிக்கு நகர்த்தினார்.

"நல்லா பேசுங்க சார். கொஞ்சம் இப்படித் தள்ளி நின்னு பேசுங்க, அங்க ஒழுவும்."

கண்ணாடிக்காரர்

மூடுவதா வேண்டாமா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய, இலாகாவிலிருந்து ஒரு மலாய் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. விடுவேனா? தினமும் குளியலறைக் கண்ணாடி முன் நின்று மலாயில் பேசிப் பழகினேன். கண்ணாடியில் இருந்தவர் ஒவ்வொரு முறையும் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார். கதவுக்கு வெளியே என் மனைவி.

"இப்படியே பேசிக்கிட்டு இருங்க. அடுத்த மாத்தல் தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குத்தான்."

நிறைந்த வகுப்பு

அதிகாரி வந்த அன்றைக்கு மாணிக்கம் சிரித்த முகமாக வரவேற்றபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. முதலாம் வகுப்பில் பெஞ்சு கொள்ளாத பிள்ளைகள். பாதிப் பேருக்குக் கால் தரையில் எட்டவில்லை. பால் வெட்டப் போகிற தாய்மார்கள் குழந்தைகளை விட்டுப் போவார்களே, அந்த ஆயாக்கொட்டகையையே அள்ளி வந்து உட்கார வைத்துவிட்டார்!

நான் தொண்டையைக் கனைத்து முதல் வாக்கியத்தை எடுத்தேன். முன் பெஞ்சுப் பொடியன் ஓவென்று அழ ஆரம்பித்தான். ஜன்னலில் பால் போத்தலோடு ஆயா. பழகியதெல்லாம் எனக்கு மறந்துபோனது. அதிகாரி, பையனைத் தூக்கிக்கொண்டு போன ஆயாவின் பின்னாலேயே நடந்தார். கொட்டகையில் உட்காரத் தெரியாத கைக்குழந்தைகளோடு வரிசையாகச் சேலைத் தொட்டில்கள், ஒன்றுகூடக் காலி இல்லை. தொட்டில்களை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தவர், என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னார்.

"பிள்ளைங்க இருக்காங்க. வளரட்டும், மூட வேண்டாம். அடுத்த தடவை பால்குடி மறந்தவங்களா பார்த்து உட்கார வைங்க."

மாலை

பள்ளியைக் காப்பாற்றியவர் என்று தோட்டத்துக் கோயிலில் எனக்கு மாலை போட்டார்கள். நானும் கூச்சநாச்சமில்லாமல் ரொம்ப நேரம் பேசினேன். 'போராடினேன்' என்ற சொல்லைத் தாராளமாகப் புழங்கினேன். இறங்கி வந்தால், அந்தப் பொடியனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவன் அம்மா முனியம்மா நின்றாள். "அழுதது எம்மவன், மாலை மட்டும் சாருக்கா?" என்றாள். சரிதானே! கழற்றி அவன் கழுத்தில் போட்டேன். அவ்வளவுதான், கோயிலே அதிரும்படி மறுபடியும் ஆரம்பித்துவிட்டான். நான் பதறிப்போய்ச் சமாதானம் செய்யப் போனேன். முனியம்மா தடுத்தாள்.

"விடுங்க சார், அழட்டும். இலாகாவுல பள்ளிக்கு இன்னும் ரெண்டு வருசம் சேத்துக் குடுப்பாங்க லா."

உத்தியோகம் முழுக்கப் பேசியே பிழைத்தவன் நான், ஆனால் இலாகா காது கொடுத்துக் கேட்டதென்னவோ அந்தப் பையனின் அழுகையை மட்டும்தான்.